மக்கு

குழாயில் நிற்பது பால் விடாத தேநீர்.
ஹாலே நகரம், நவம்பர், நாலரைக்கே இருட்டு.
ஜன்னலுக்கு வெளியே ட்ராம் கம்பியில்
நீலமாய் ஒரு பொறி விழுந்து அணைகிறது.
மூன்று முறை கழுவியாயிற்று.
நிறம் போகவில்லை.

இங்கேயும் கரிசல் உண்டு,
மாக்டெபுர்க் பக்கம், சர்க்கரைக் கிழங்கு விளையும் சமவெளியில்.
கோவில்பட்டிக் கறுப்பு வெயிலில் வெடிக்கும்.
இது வெடிக்காது.
பனிக்கடியில் புல்லும் வேரும் பூச்சியும்
அவசரமில்லாமல் மக்கிய கறுப்பு.

மக்கு.
ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியார்
என்னைக் கூப்பிட்டதும் இந்தச் சொல்லால்தான்.
மக்கு எதையும் படிப்பதில்லை, சரி.
கையில் அகப்பட்ட எழுத்தை விடுவதுமில்லை.

டிஎன்ஏவின் முதுகெங்கும் பாஸ்பேட், எதிர்மின்சுமை.
மட்கின் விளிம்பெங்கும் கார்பாக்சில், அதுவும் எதிர்.
நேருக்கு நேர் வந்தால் முகம் திருப்பிக்கொள்ளும்.
நடுவில் கால்சியம் வந்து நிற்கிறது,
இரண்டு நேர்மின்சுமை, இரண்டு கை.
ஒரு கையில் இது, மறு கையில் அது.
சமாதானம் என்று சொல்ல முடியாது,
ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

எழுத்துகளைத் தனித்தனியாகவும் விட்டுப் பார்த்தேன்,
மட்கு பூசிய மணல் அடைத்த கண்ணாடிக் குழலில்
மேலே ஊற்றி, கீழே காத்திருந்து.
புளிப்பு ஏறினால் அடினின் உள்ளேயே தங்கிவிடும்.
சைட்டோசின் தயங்கித் தயங்கி வரும்.
குவானின் கரைவதற்கே அடம், அதை விடுங்கள்.
யுராசில் மட்டும் எதிலும் ஒட்டாமல்
தண்ணீரின் வேகத்திலேயே இறங்கி
முதல் குப்பிக்கு வந்துவிடும்.
என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது என்பதை
இந்த இடத்தில் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் குழாயில் இருப்பது டோர்ட்டே கொண்டுவந்த மண்.
பதினெட்டு வருடமாய் இந்தக் கூடத்தின் கருவிகள்
அவள் சொன்னால்தான் ஓடும்.
திங்களன்று கல்லறைத்தோட்ட அலுவலகத்திலிருந்து கடிதம்:
இருபது ஆண்டுக் குத்தகை முடிகிறது,
நீட்டிக்கக் கட்டணம் இவ்வளவு,
இல்லையேல் கல் அகற்றப்படும்.
செவ்வாயன்று செர்ரித் தயிர் டப்பாவில் ஒரு கைப்பிடி,
யோர்க் மேலிருந்து.
"இதையும் உன் வரிசையில் ஓட்டு."

யோர்க் பழுப்பு நிலக்கரி வெட்டியவன்.
நாங்கள் விலைக்கு வாங்கும் ஹியூமிக் அமிலப் பொடியும்
அதே நிலக்கரியிலிருந்து வருவதுதான்.
இதை நான் அவளிடம் சொல்லவில்லை,
டப்பாவைத் திறந்து தருபவளே அவள்தான்.

மேல்மண்ணில் என்ன இருக்கும் என்று சொன்னேன்:
பிர்ச் வேர், மண்புழு, பூஞ்சை,
எண்ண முடியாத பாக்டீரியா,
வேலி தாண்டி வந்த யாரோ ஒருவரின் நாய்.
அவன் இரண்டு மீட்டர் கீழே.
"தெரியும்" என்றாள்.
என்னைவிட அதிக மண் சலித்தவள்.

ஜெல் வந்தது.
ஒப்பீட்டுக் கோடு மட்டும் பளிச்சென்று.
அவள் மண்ணின் பாதையில் ஒன்றுமில்லை, மங்கலாய்க்கூட.
அறுக்க வரும் நொதியைத் தடுக்கும் அதே மட்கு
நகலெடுக்க வந்த நொதியையும் நிறுத்திவிட்டது.

"அப்படியென்றால் உள்ளே இருக்கிறது, எடுக்க முடியவில்லை."
இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, டோர்ட்டே.
இல்லை என்று காட்டவில்லை, அவ்வளவே.
சிரித்தாள்.
"யோர்க்கும் அப்படித்தான். கேட்டால் பதில் வராது."

பொடி ஒன்று இருக்கிறது, போட்டால் பழுப்பு பிரியும்,
நாளைக்குப் போடட்டுமா என்றேன்.
மீதி மண்ணை ஜன்னலோரத் தொட்டியில் கொட்டினாள்,
யாரும் தண்ணீர் ஊற்றாத ஃபைக்கஸ் செடிக்கு.
படிவத்தை மையவிலக்கியின் மூடிமேல் வைத்து
ஐந்து ஆண்டு என்று எழுதினாள்.
அடித்தாள். வேறு எதையோ எழுதினாள்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.

தொட்டியடியில் நின்று கை கழுவினாள்.
நகக்கண்ணில் கறுப்பு.
சோப்பு போட்டாள், தேய்த்தாள்.
கொஞ்சம் போனது.